படமா, சளியா: கிராமத்துக் காசநோயும் எக்ஸ்ரே கண்டுபிடிப்புகளும்

இரண்டு வாரமாக இருமல், பொழுது சாய்ந்தால் காய்ச்சல், இடுப்பு வேட்டி தளர்கிற அளவுக்கு எடைக் குறைவு. இப்படி ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் முதலில் நெஞ்சைப் படம் எடுப்பதா, சளியை வாங்கிப் பார்ப்பதா? இருமலே இல்லாமல் தறிக்கும் வயலுக்கும் போய்வருகிறவரின் நுரையீரலில் நோய் ஒளிந்திருந்தால், அவரைத் தேடி நாம் போக வேண்டுமா, அவர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இந்தியப் பொதுசுகாதாரம் எழுபது ஆண்டுகளாக இந்தக் கேள்விகளுக்கு மாறி மாறி விடை சொல்லிவருகிறது. 1950களில் படம் முன்னே நின்றது. 1960களில் சளி முந்தியது. இப்போது படம் மீண்டும் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. அந்தக் கண்டுபிடிப்பு தீர்க்காமல் விட்ட குறையும் உண்டு.

காந்திகிராமத்திலிருந்து பார்த்தால்

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில், சிறுமலை அடிவாரத்தில் 1947 அக்டோபரில் காந்திகிராமம் தொடங்கியபோது அதன் மையத்தில் ஒரு மருத்துவர் இருந்தார். டி.எஸ். சௌந்தரம் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியத் துணை அமைச்சரானவர். பக்கத்துச் சின்னாளபட்டியில் சிறிய மகப்பேறு நிலையமாகத் தொடங்கியதுதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. 1959 முதல் ஆத்தூர் ஒன்றியத்தில் நடந்த குடும்பநலப் பணியில், வீடு வீடாகப் போவதும் ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்வதும் வேலையின் முறையாகவே வகுக்கப்பட்டன.

காந்தியச் சிந்தனைக்கும் பெரிய மருத்துவக் கருவிகளுக்கும் உள்ள உறவு எளிதானதாக இருந்ததில்லை. 1909இல் எழுதிய ‘ஹிந்த் சுவராஜ்’ நூலில் காந்தி மருத்துவமனைகளைக் கடுமையாகச் சாடினார். அவரே 1924 ஜனவரியில் புனே சசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவைக்கு உடன்பட்டார். அறுவை நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில்தான் வேலை முடிந்தது. கிராம மருத்துவத்தின் நடைமுறைச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது. கருவி வேண்டும். ஆனால் அந்தக் கருவி மின்சாரத்தையும் நகரத்தையும் நம்பி நிற்கிறது. எக்ஸ்ரேயைப் போல இவ்விரண்டையும் நம்பி நின்ற கருவி மருத்துவத்தில் குறைவு. ஆகவே அதன் வளர்ச்சியைக் கிராமத்தின் பக்கமிருந்து மதிப்பிடுவதே இங்கே நோக்கம்.

கண்ணால் கண்டதே மெய்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் புதிய கதிரைக் கண்டார். டிசம்பர் 22இல் மனைவியின் கையைப் படம் பிடித்தார். 1896இலேயே எடிசன் கால்சியம் டங்ஸ்டேட் பூசிய திரையை உருவாக்க, உள்ளுறுப்பின் அசைவை நேரடியாகப் பார்க்க முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது: எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்வீச்சுப் புண்களால் கைகளை இழந்து 1904இல் இறந்தார்.

தொடக்ககாலக் குழாய்களில் வாயு அழுத்தம் ஏறி இறங்கும். காலையில் எடுத்த படம்போல மாலையில் வராது. 1913இல் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி மின்னணுக்களைப் பாய்ச்சும் வெற்றிடக் குழாயைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் கதிரின் அளவும் ஊடுருவும் திறனும் எடுப்பவரின் கட்டுக்குள் வந்தன. சிதறும் கதிரை வடிகட்டும் ‘பக்கி’ எனப்படும் தடுப்புச் சட்டகம் படத்தைத் தெளிவாக்கியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934இல் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டபோது எக்ஸ்ரே தமிழ்நாட்டில் ஒரு தனித் துறையாகவே நிலைபெற்றிருந்தது.

அக்காலத்தின் நிலைப்பாட்டை இப்படிச் சுருக்கலாம்: நுரையீரலைக் கண்ணால் பார்த்துவிட்டால் நோயை அறிந்ததாகும். காசநோயாளிகளைத் தங்கவைத்த சானடோரியங்களின் மருத்துவம் இதன்மீதே கட்டப்பட்டது. நோயாளியை மாதக்கணக்கில் படுக்கவைத்து, அவ்வப்போது படம் எடுத்து, நுரையீரலில் விழுந்த குழி சுருங்குகிறதா என்று பார்த்தார்கள். சானடோரியத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தவருக்கு மட்டுமே இந்தக் கண் திறந்தது என்பதுதான் இதன் பலவீனம்.

வண்டி ஏறிய கருவி

அந்தக் குறையை முதலில் தீர்க்க முயன்றவர் பிரேசில் மருத்துவர் மனுவேல் டி அப்ரூ. 1936இல் அவர் செய்த மாற்றம் எளியது. பெரிய பிலிமில் நேராகப் படம் பிடிக்காமல், ஒளிரும் திரையில் தெரியும் நெஞ்சை ஒரு கேமராவால் சின்னப் பிலிமில் எடுத்தார். முதலில் 35 மி.மீ., பின்னர் 70, 100 மி.மீ. சுருள்கள் வந்தன. செலவு பல மடங்கு குறைந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரை வரிசையில் நிறுத்தி எடுக்க முடிந்தது. கருவியை வண்டியில் ஏற்றினார்கள். 1957இல் கிளாஸ்கோ நகரில் ஐந்தே வாரத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படம் எடுத்தார்கள்.

தென்னிந்தியக் கிராமத்துக்கு இந்த வண்டி முந்தியே வந்துவிட்டது. மதனப்பள்ளி ஆரோக்கியவரம் சானடோரியத்தின் யோஹான்னஸ் ஃப்ரிமாட்-மொல்லர் 1950 முதல் 1955 வரை அவ்வட்டாரத்து மக்களை எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்தார். 1955–58இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நாடு தழுவிய மாதிரிப் பரப்பாய்வை நடத்தியது. நடமாடும் வண்டியில் சிறுபடம் எடுப்பார்கள். நிழல் தெரிந்தவர்களிடம் மட்டும் சளி வாங்குவார்கள். படத்தில் நோய்க்குறி கண்டவர்கள் ஆயிரத்துக்கு 13 முதல் 25 பேர். சளியில் கிருமி கண்டவர்கள் 2 முதல் 8 பேர். காசநோய் நகரத்து நோய், ஆலைத் தொழிலாளியின் நோய் என்ற எண்ணம் அதோடு உடைந்தது. கிராமத்திலும் அது ஏறத்தாழ அதே அளவுக்கு இருந்தது.

என் கணிப்பில், எக்ஸ்ரே இந்தியக் கிராமத்துக்குச் செய்த முதல் பெரிய உதவி இதுதான். தனி நோயாளிக்குச் செய்த உதவியைவிட, நோய் எங்கே இருக்கிறது என்று நாட்டுக்குக் காட்டிய உதவி பெரிது. ஆனால் அந்தக் கணக்கிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. படத்தில் நோயாளி என்று தெரிந்தவர்களில் பெரும்பாலோரின் சளியில் கிருமி இல்லை. அவர்களில் யாருக்கு உண்மையில் நோய், யாருக்கு ஆறிய தழும்பு? படம் அதற்குப் பதில் சொல்லவில்லை.

சளியின் வாதம்

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கியது. வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தாலும் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. படுக்கை, காற்று, சத்துணவு ஆகியவை இல்லாமல் இந்நோய் தீராது என்று நம்பியிருந்த உலகுக்கு அது பெரிய செய்தி. சிகிச்சை வீட்டுக்கு வந்துவிட்டது. அப்படியானால் நோயைக் கண்டறிவதும் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டாமா?

பெங்களூரில் 1959இல் அமைந்த தேசிய காசநோய் நிறுவனம் இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் வட்டாரக் கிராமங்களில் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது. கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று உணர்ந்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் அரசு மருத்துவ நிலையத்துக்கே போயும் இருந்தார்கள். அங்கே கிடைத்தது பெரும்பாலும் இருமல் மருந்து. நோயாளி தானாக வாசலுக்கு வந்து திரும்பிப் போகிறபோது வண்டியோடு அவரைத் தேடி ஊர் ஊராக அலைவானேன் என்று கேட்டது அந்த ஆய்வு.

1962இல் உருவான தேசிய காசநோய்த் திட்டம் இந்த வாதத்தின்மேல் நின்றது. மாவட்டக் காசநோய் மையத்தில் எக்ஸ்ரே, சுற்றியுள்ள நிலையங்களில் நுண்ணோக்கியும் சளிப் பரிசோதனையும் என்று வேலை பிரிக்கப்பட்டது. அக்காலத்தில் பெங்களூரில் பணியாற்றிய ஹால்ஃப்டன் மாஹ்லர் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைக்குப் போனார். 1974இல் அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு பொத்தாம்பொதுவான கூட்டுப் படமெடுப்பைக் கைவிடச் சொன்னது. செக்கோஸ்லோவாகியாவின் கோலின் மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரையே படம் எடுத்தும், தொற்று பரப்பும் நோயாளிகளில் பலர் இரண்டு சுற்றுக்கு இடையிலேயே நோயுற்றுத் தாமாக மருத்துவரிடம் போனதைக் கண்டிருந்தார்கள். வண்டி வருவதற்குள் நோய் முந்திக்கொண்டது.

சளியின் பக்கத்தில் இன்னொரு வலுவும் இருந்தது. படத்தைப் பார்ப்பவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷல்மி 1940களில் தொடங்கிய ஆய்வுகளில், அனுபவமுள்ள மருத்துவர்களே ஒரே பிலிமைப் பற்றி ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். அதே பிலிமைச் சில காலம் கழித்துக் கொடுத்தபோது ஒருவரே தம் முந்தைய முடிவை மாற்றினார். விலா எலும்பின் நிழல், ரத்தக் குழாயின் நிழல், தழும்பின் நிழல், கிருமியின் நிழல் எல்லாம் வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளையைப் பிரிப்பதே அந்த வேலை. படம் பார்த்து மட்டும் ‘டிபி’ என்று எழுதி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கும் வழக்கம் தேவையில்லாத சிகிச்சைக்கு வழிவகுத்தது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது.

சளி வாதத்தின் குறைகளும் சிறியவை அல்ல. நுண்ணோக்கியில் கிருமி தெரிய ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. எச்ஐவி உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவு. டப்பாவைக் கையில் கொடுத்து ‘சளி கொண்டுவாங்க’ என்றால் எச்சிலோடு வருபவர் பலர். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இருமுகிறவர் மட்டுமே நோயாளி என்ற அடிப்படை அனுமானம். தும்கூர் ஆய்வு அறிகுறிகளை விரிவாகக் கேட்டது. அதிலிருந்து பிறந்த திட்டமோ நிலையத்துக்கு வந்து இருமியவரை மட்டும் பார்த்தது. அந்த ஆய்வின் மனிதநேயம் திட்டத்தில் பாதிதான் இறங்கியது என்றே சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு மறந்த முயற்சி

படமா சளியா என்ற வழக்குக்கு நடுவே, கருவியையே கிராமத்துக்கு ஏற்றபடி திருத்த ஒரு முயற்சி நடந்தது. 1970களின் நடுப்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் அடிப்படைக் கதிரியல் அமைப்பு என்ற எளிய எக்ஸ்ரேயை வடிவமைக்கத் தொடங்கியது. குழாயும் பிலிம் பெட்டியும் ஒரே கையில் 140 செ.மீ. இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கும், தவறான தூரத்தில் எடுக்க வழியே இல்லை. மின்கலத்தில் சேமித்த ஆற்றலில் படம் எடுக்கும். மின்சாரம் வந்து வந்து போனாலும் கவலையில்லை. குறுகிய பயிற்சி பெற்றவர் இயக்கலாம்.

காந்திகிராமம் போன்ற இடங்களின் தேவையை இவ்வளவு நேராக எதிர்கொண்ட எக்ஸ்ரே வடிவமைப்பு அதற்கு முன் இல்லை. ஆனால் அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. அதே பத்தாண்டில்தான், 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனில் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டின் சிடி கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகின் பணமும் அறிவும் சிடியின் பின்னால் போயின. சிடியின் மதிப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சாதாரண நெஞ்சுப் படமே எட்டாத கிராமங்களுக்கு அதனால் நெடுங்காலம் பயன் இல்லை.

படம் திரும்பி வந்தது

மூன்று மாற்றங்கள் படத்தை மீண்டும் களத்துக்குக் கொண்டுவந்தன. 1980களில் பாஸ்பர் தட்டும், 1990களிலிருந்து தட்டை உணரிகளும் வந்ததால் பிலிமும் இருட்டறையும் தேவையற்றுப் போயின. முன்பு ஒரு பிலிமை டெவலப்பரில் அலசி, ஃபிக்சரில் முக்கி, நீரில் கழுவி, கிளிப்பில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். இப்போது சில நொடியில் திரையில் தெரிகிறது. ஊர்ச் சாவடி வாசலில் படம் எடுத்து அங்கேயே பார்க்க முடிவது இதனால்தான்.

இரண்டாவது, சளிப் பரிசோதனையே மாறியது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஜீன்எக்ஸ்பர்ட்டும், 2020இல் ஏற்ற, கோவாவில் தயாராகும் ட்ரூநாட்டும் கிருமியின் மரபணுவையே தேடுகின்றன. படம் சந்தேகத்தை எழுப்பினால் அதை உறுதிசெய்ய நம்பகமான ஒரு வழி பக்கத்திலேயே வந்துவிட்டது. எதிரெதிரே நின்ற படமும் சளியும் அடுத்தடுத்த படிகளாயின.

மூன்றாவது, பரப்பாய்வுகள் சொன்ன உண்மை. 2019–21இல் நடந்த தேசிய காசநோய்ப் பரப்பாய்வில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானது. நெஞ்சுப் படம் எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் அவர்களில் 42.6 சதவீதத்தினர் தப்பியிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் 64 சதவீதத்தினர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. 42.6 என்ற எண் படத்தின் பக்கம் பேசுகிறது. 64 என்ற எண், நோயாளி தானாக வருவார் என்ற 1963இன் நம்பிக்கையைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது.

கையில் பிடிக்கும் கருவி, கணினி தரும் மதிப்பெண்

இன்று களத்துக்குப் போகும் எக்ஸ்ரே சில கிலோ எடைதான். பெரிய கேமராபோலத் தூக்கிப்போகலாம். நிற்பவர் முகவாயை உயர்த்தி, தோளை முன்தள்ளி, நெஞ்சைத் தட்டில் ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்தால் போதும். படம் கணினிக்குப் போகிறது; மென்பொருள் சந்தேகத்தின் அளவை மதிப்பெண்ணாகக் காட்டுகிறது. 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு இம்முறையைப் பரிந்துரைத்தது. டாக்காவில் 23,954 பேரின் படங்களைக் கொண்டு அதே ஆண்டில் வெளியான ஆய்வில் ஐந்து மென்பொருள்கள் கதிரியலாளர்களைவிட நன்றாகச் சந்தேகப் படங்களைப் பிரித்தன. யெருஷல்மி சுட்டிய குறைக்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

ஆனால் அது முழுப் பதிலா? மதிப்பெண்ணுக்கு வெட்டுக்கோட்டை எங்கே போடுவது என்று மென்பொருள் சொல்லாது. ஊருக்கு ஊர் அது மாறும். முன்பு காசநோய் வந்து குணமானவரின் தழும்பில் அது தடுமாறும். கல் குவாரித் தூசியில் வேலை செய்பவரின் நுரையீரலிலும் நிழல் இருக்கும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 1,000 பெரியவர்கள். நாட்டுச் சராசரிப்படி அங்கே சுமார் 3 பேருக்கு நோய் இருக்கும். கருவி நூற்றுக்கு ஐந்து பேரைச் சந்தேகத்தில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால் 50 பேர். அந்த 3 பேரும் இதற்குள் அகப்பட்டார்கள் என்றே கொண்டாலும், மீதி 47 பேரிடம் ‘நெஞ்சில் ஒரு நிழல் தெரிகிறது’ என்று சொல்லியாக வேண்டும். அன்றே ட்ரூநாட் செய்து இல்லை என்று சொல்லிவிட்டால் பாதகமில்லை. பத்து நாள் ஆனால், சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்தப் பத்து நாள் என்ன செய்யும் என்பது நம் ஊர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். கண்டறியும் முறைகளைப் பற்றிய ஆய்வுகள் இந்த இழப்பை அரிதாகவே கணக்கில் எடுக்கின்றன.

கதிர்வீச்சு பற்றிய அச்சம் இதைவிடச் சிறியது. ஒரு நெஞ்சுப் படத்துக்கு ஏறத்தாழ 0.02 முதல் 0.1 மில்லிசீவெர்ட், மண்ணும் வானும் உணவும் நமக்கு ஓராண்டில் தருவது உலகச் சராசரியில் 2.4. ஆயினும் கருவியைக் கையில் பிடித்து நாள்தோறும் படம் எடுப்பவரின் கணக்கு வேறு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் அளவுமானிப் பட்டையும் அவருக்காகத்தான். டாலியின் கைகளை மறக்கக் கூடாது.

இன்னும் தீராதவை

எக்ஸ்ரே வண்டி ஊரூராகப் போனால் அங்கே காசநோய் குறையுமா? நோயாளிகள் கூடுதலாக அகப்படுவார்கள் என்பதற்குச் சான்று வலுவாக உள்ளது. பரவல் குறையும் என்பதற்குச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் மூன்றாண்டு தொடர்ந்து ஊரையே பரிசோதித்தபோது பரவல் கணிசமாகக் குறைந்தது. 2019இல் முடிவு வெளியானது. அங்கே பயன்பட்டது எக்ஸ்ரே இல்லை. அறிகுறி கேளாமல் எல்லாரிடமும் வாங்கிய சளியும் ஜீன்எக்ஸ்பர்ட்டும்தான். படத்தை முதல் சல்லடையாக வைத்தாலும் அதே பலன் கிடைக்குமா என்பது தனியாக நிறுவப்பட வேண்டியது. ஒருமுறை வந்துபோகும் வண்டியால் பயன் சிறிது என்பதைக் கோலின் காலம் முதலே சான்றுகள் உணர்த்துகின்றன.

படத்தில் நிழலும் சளியில் கிருமியின்மையும் உள்ளவர்களை என்ன செய்வது என்ற 1958இன் கேள்வியும் அப்படியே இருக்கிறது. மருந்து கொடுத்தால் சிலருக்கு வீண் சிகிச்சை. கொடுக்காவிட்டால் சிலருக்கு நோய் முற்றும். அவர்களைச் சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதே இப்போதைக்கு நேர்மையான வழி. அதற்கு வேண்டியது கருவியைவிட, ஊரறிந்த ஒரு சுகாதாரச் செவிலியர்.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நோய் உறுதியானவரின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்த ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்பன பார்க்கப்படுகின்றன. மோசமானவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். எடை பார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும். படம் யாரைக் கண்டுபிடிக்கிறது என்பதைப் போலவே, கண்டுபிடிக்கப்பட்டவர் பிழைக்கிறாரா என்பதும் கண்டுபிடிப்பின் பகுதிதான்.

இதுவரை உள்ள சான்றுகளை வைத்துச் சொல்வதானால், எக்ஸ்ரேக்குச் சல்லடையின் இடம் உறுதி. தீர்ப்பின் இடம் அதற்கு இல்லை. ஆத்தூர் ஒன்றியமோ வேறெந்த ஒன்றியமோ கையடக்கக் கருவி ஒன்றை வாங்குமானால், அதே நாளில் அதே ஊரில் மரபணுப் பரிசோதனையும், அடுத்த வாரம் அதே வீட்டுக்குத் திரும்பிப் போகும் ஆளும் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தை அவற்றுக்கே முதலில் செலவிடலாம்.